1974-இல் கொழும்பில் நடந்தது எந்த ரக்பி போட்டி? அதில் இந்தியா ஏன் இல்லை?

கேள்வி: மேலூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். 1975-இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மேலூர் அருகே உள்ள எங்கள் பூர்வீக ஊருக்குத் திரும்பி வந்தார். இப்போது அவருக்கு 86 வயது. கிரிக்கெட் ஓடினால் அரைக்கண்ணால் பார்ப்பார். ஆனால் தொலைக்காட்சியில் எப்போதாவது ரக்பி ஆட்டம் வந்துவிட்டால், கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்த விளையாட்டை அவர் இன்றும் "ரகர்" என்றுதான் சொல்கிறார்.

சென்ற வாரம் அப்படி ஓர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் மூன்று செய்திகளைச் சொன்னார். தாம் ஊர் திரும்புவதற்கு முந்தைய ஆண்டு, ஆசிய நாடுகளின் அணிகளெல்லாம் கொழும்புக்கு வந்து ரகர் ஆடின என்றார். அதில் ஜப்பான் முதலிடமும் இலங்கை இரண்டாமிடமும் பெற்றன என்றார். எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் 4 புள்ளி என்றும் சொன்னார். "ஜப்பான்காரங்க ஆளுக்கு ஒரு சாண் குட்டை, ஆனா பந்து ஒருத்தன் கையிலயும் தங்கவே இல்ல" என்று அவர் சொன்னபோது, ஏதோ நேற்றுப் பார்த்துவிட்டு வந்தவரைப் போல இருந்தது.

எனக்கு ஐயம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. அவர் அந்தப் போட்டியை "உலகக் கோப்பை" என்று குறிப்பிட்டார். ரக்பி உலகக் கோப்பையோ 1987-இல்தான் தொடங்கியது. நாங்கள் பார்த்த ஆட்டத்தில் திரையில் ஏறியதும் 5 புள்ளி, 4 அல்ல. ஆகவே, வயதின் காரணமாக அவர் எதையோ எதனோடோ சேர்த்துச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். அவர் முகத்துக்கு நேரே மறுத்துப் பேச மனம் வரவில்லை.

அப்படி ஒரு போட்டி உண்மையில் நடந்ததா, நடந்திருந்தால் அது எப்போது தொடங்கியது, ஆங்கிலேயர் இத்தனை காலம் ஆண்ட இந்தியா அதில் ஏன் இடம்பெறவில்லை என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில் 1: தல்லாகுளம் (ஓய்வுபெற்ற உடற்கல்வி இயக்குநர்)

தம்பி, உங்கள் தாத்தா சொன்ன மூன்றும் சரி. "உலகக் கோப்பை" என்ற பெயர் மட்டுமே பிசகியிருக்கிறது. 50 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு விளையாட்டைப் பற்றி இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் மனிதரின் நினைவை ஐயப்படாதீர்கள்.

அது ஆசிய ரக்பி சாம்பியன்ஷிப். 1968-இல் பாங்காக்கில் எட்டு உறுப்பினர்கள் கூடி ஆசிய ரக்பி சங்கத்தை அமைத்தார்கள். ஜப்பான், தென்கொரியா, தைவான், ஹாங்காங், தாய்லாந்து, மலேசியா, சிங்கப்பூர், அன்றைய பெயரில் சிலோன் ஆகியவையே அந்த எட்டும். மறு ஆண்டே, அதாவது 1969-இல், டோக்கியோவில் முதல் போட்டி நடந்தது. இரண்டாவது போட்டி 1970-இல் பாங்காக்கில் நடந்தது. அதன் பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறை என்ற முறை நிலைத்தது. 1972 ஹாங்காங், 1974 கொழும்பு, 1976 சியோல், 1978 கோலாலம்பூர், 1980 தைபே, 1982 சிங்கப்பூர் என்று இந்த ஊர்களை வரிசையாக எழுதி, மேலே சொன்ன எட்டு உறுப்பினர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் எட்டுப் போட்டிகளும் எட்டு உறுப்பினர்களின் மண்ணிலும் ஆளுக்கு ஒருமுறை என்று சுற்றி வந்திருக்கின்றன, சித்திரைத் திருவிழாவில் மண்டகப்படிகளுக்கு முறை வைத்திருப்பதைப் போல. 1974-இல் முறை கொழும்புடையது. அதைத்தான் உங்கள் தாத்தா சொல்கிறார். அந்தப் போட்டியில் ஜப்பான் வென்றது. இலங்கை இரண்டாம் இடம் பெற்றது.

புள்ளிக் கணக்கிலும் அவர் பக்கமே நியாயம் இருக்கிறது. எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் பதிப்பதற்கு ட்ரை என்று பெயர். 1969, 1970 ஆண்டுகளின் போட்டிகளில் ஒரு ட்ரைக்கு 3 புள்ளிதான். 1971-இல் அதை 4 ஆக உயர்த்தினார்கள்; 1992-இல் 5 ஆக்கினார்கள். ஆகவே 1974-இல் கொழும்பில் பார்த்தவர் 4 என்றுதான் சொல்ல முடியும். பழைய ஆசியப் போட்டிகளின் முடிவுகளை இன்றைய முடிவுகளோடு ஒப்பிட்டுப் பேசுபவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள். அன்றைக்கு ட்ரையின் மதிப்பு குறைவாகவும் தண்டனை உதையின் மதிப்பு இன்றுபோலவே 3 ஆகவும் இருந்ததால், ஓடி ஆடுவதற்கும் உதைத்து ஆடுவதற்கும் இடையிலான கணக்கே வேறாக இருந்தது. 1969-இல் ஒரு ட்ரையும் ஒரு தண்டனை உதையும் சம மதிப்புடையவை என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த விதிகளின் கீழும் ஓடி ஆடியே வென்ற ஜப்பானியர்கள் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு.

முதல் ஏழு போட்டிகளிலும் ஜப்பானே வென்றது. 1982-இல் சிங்கப்பூரில்தான் தென்கொரியா முதன்முறையாக அந்தத் தொடரை முறித்தது. ஜப்பான் அப்போது ஆசியாவில் மட்டும் வலுவாக இருந்த அணி என்று எண்ணிவிடக் கூடாது. ஆசியச் சங்கம் உருவான அதே 1968-இல், நியூசிலாந்துக்குச் சென்று அந்நாட்டின் இளையோர் தேசிய அணியை வெலிங்டனில் 23–19 என்ற கணக்கில் தோற்கடித்திருந்தார்கள். சகாத்தா யோஷிஹிரோ அந்த ஒரே ஆட்டத்தில் நான்கு ட்ரைகள் போட்டார். 1971-இல் இங்கிலாந்து டோக்கியோவுக்கு வந்தபோது 3–6 என்ற கணக்கில்தான் ஜப்பான் தோற்றது. அத்தகைய ஓர் அணியை எதிர்த்து, தங்கள் ஊரில், இலங்கை இரண்டாமிடம் பெற்றது சிறிய செய்தி அன்று.

இந்தியாவைப் பற்றிய கேள்விக்கு என் விடை சுருக்கமானது. இங்கே ரக்பி வேரூன்றவே இல்லை. ஆகவே 1968-இல் பாங்காக்குக்குப் போக ஆளும் இல்லை.


பதில் 2: திருமங்கலம் (மலையகத்தில் பிறந்தவள்)

தல்லாகுளம் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. போட்டியைப் பற்றி அவர் சொன்னதில் திருத்த ஒன்றும் இல்லை. ஆனால் இந்தியாவில் ரக்பி வேரூன்றவே இல்லை என்று அவர் இறுதியில் சொன்னதை மட்டும் என்னால் அப்படியே விட முடியவில்லை. இங்கே வேர் பிடித்தது, பிடித்த வேகத்திலேயே பட்டும் போனது என்பதே உண்மை.

1872-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று கல்கத்தாவில் ரக்பி ஆடினார்கள். மறு ஆண்டு ஜனவரியில் கல்கத்தா கால்பந்துக் கழகம் தொடங்கியது. அது இங்கிலாந்தின் ரக்பி சங்கத்திலும் உறுப்பினராகச் சேர்ந்தது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் ஆட்கள் குறைந்தார்கள். கழகத்தில் இலவசமாகக் கிடைத்த மதுவை நிறுத்தியதும் பலர் விலகினார்கள், படைப்பிரிவு ஒன்று ஊரைவிட்டுப் போனது, வெயிலுக்கு ஏற்றவை என்று போலோவும் டென்னிசும் மிச்சமிருந்தவர்களை இழுத்துக்கொண்டன. கழகத்தைக் கலைத்தபோது வங்கியில் இருந்த பணத்தை வெள்ளி ரூபாயாக எடுத்து, 270 ரூபாயை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். அதன் மூன்று கைப்பிடிகளும் படமெடுத்த நாகங்கள். மூடியின் மேல் ஒரு யானை நிற்கிறது. 1878-இல் அதை இங்கிலாந்தின் சங்கத்துக்கு அளித்தார்கள். 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதிக்கொள்ளும் கல்கத்தா கோப்பை அதுதான். ரக்பி உலகின் மிகப் பழைய சர்வதேசக் கோப்பை நம் நாட்டு வெள்ளியில், நம் நாட்டுக் கைவேலையாக உருவானது. அது உருவாகி 90 ஆண்டு கழித்து ஆசிய நாடுகள் தங்களுக்கென ஒரு போட்டியைத் தொடங்கியபோது அந்த மேசையில் நமக்கு நாற்காலி இல்லை. இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பின்னர் 1924 முதல் அகில இந்திய ரக்பி போட்டியும் நடந்திருக்கிறது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் ஆடியிருக்கிறார்கள். ஆனால் ஆடிய இடங்கள் எவை என்று பாருங்கள். பம்பாய் ஜிம்கானா, சென்னை ஜிம்கானா போன்ற கழகங்களும் படைமுகாம்களுமே அவை. உறுப்பினரல்லாதவர் வேலிக்கு வெளியே நின்று பார்த்த விளையாட்டு, உறுப்பினர்கள் கப்பலேறியதும் அவர்களோடு போய்விட்டது.

இலங்கையிலும் தொடக்கம் இப்படித்தான். 1879-இல் கொழும்பில் முதல் ஆட்டம் நடந்தது. அதன்பின் மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களின் துரைமார் மாவட்டத்துக்கு ஒரு கழகம் வைத்து ஆடினார்கள். என் அப்பா நானுஓயாவுக்கு அருகிலுள்ள ரதல்லை மைதானத்தில் துரைமார் ஆடுவதைத் தூரத்தில் நின்று பார்த்ததாகச் சொல்வார். லயத்துப் பிள்ளைகள் யாரும் அந்தப் புல்லில் கால் வைத்ததில்லை. ஆனால் அங்கே இன்னொன்றும் நடந்தது. 1891-இல் கண்டியில் கிங்ஸ்வுட் கல்லூரியைத் தொடங்கிய எல். ஈ. பிளேஸ் என்ற ஆசிரியர், தம் பள்ளி மாணவர்களிடம் அந்தப் பந்தைக் கொடுத்தார். 1906-இல் கிங்ஸ்வுட்டும் டிரினிட்டியும் மோதின. 1945-இல் தொடங்கி, கொழும்பு ராயல் கல்லூரியும் கண்டி டிரினிட்டியும் பிராட்பி கேடயத்துக்காக ஆடி வருகின்றன. அந்த நாளில் ஊரே இரண்டாகப் பிரிந்துவிடும். துரைமார் போனபிறகும் ஆட்டம் நின்றுவிடாததற்குப் பள்ளிகளே காரணம். 1950-இல் பிரிட்டிஷ் லயன்ஸ் அணி ஊர் திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி ஆடிவிட்டுப் போனது என்றால், அங்கே எதிர்த்து ஆட ஓர் அணி இருந்தது என்றுதானே பொருள்?

மற்ற உறுப்பினர்களையும் இதே கண்ணால் பாருங்கள். ஜப்பானில் 1899-இல் கெய்யோ பல்கலைக்கழக மாணவர்களுக்கு எட்வர்ட் கிளார்க்கும் தனாகா கின்னோசுகேயும் கற்றுக்கொடுத்ததிலிருந்து அது மாணவர்களின் விளையாட்டாயிற்று. தாய்லாந்தில் வஜிராவுத் கல்லூரி, மலேசியாவில் கோலகங்சார் மலாய்க் கல்லூரி என்று எங்கும் பள்ளிக்கூடமே முன்னால் நிற்கிறது. ஹாங்காங் மட்டும் விலக்கு; அங்கே பணியில் இருந்த ஆங்கிலேயர்களே அந்நாளில் பெரும்பாலும் ஆடினார்கள், அவர்கள் 1968-இலும் அங்கேயே இருந்தார்கள்.

தம்பி, உங்கள் தாத்தா "ரகர்" என்று சொல்வதைத் திருத்திவிடாதீர்கள். இலங்கையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். அங்குள்ள தமிழ்ப் பத்திரிகைகளில் "றக்பி" என்று வல்லின றகரம் இட்டு எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த எழுத்தைக் கண்டாலே எனக்கு ஊர் நினைவு வந்துவிடும்.


பதில் 3: விளாங்குடி

அக்கா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நான் மதுரையில் கபடி ஆடி வளர்ந்து, வேலைக்காகச் சென்னைக்குப் போன இடத்தில் ரக்பி கற்றுக்கொண்டவன். உங்கள் தாத்தா சொன்ன "பந்து ஒருத்தன் கையிலயும் தங்கவே இல்ல" என்ற ஒரு வாக்கியத்துக்காகவே இதை எழுதுகிறேன். அன்றைய ஜப்பான் அணியின் ஆட்டமுறையை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

வசேதா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒனிஷி தெத்சுனோசுகே என்பவர் 1960-களின் பிற்பாதியில் ஜப்பான் அணிக்குப் பயிற்சியளித்தார். நியூசிலாந்து வீரர்களோடு உடல் எடையில் போட்டியிட முடியாது என்பதைக் கணக்கில் கொண்டு, விரித்தல், நெருங்குதல், தொடர்தல் என்ற மூன்று சொற்களில் தம் முறையை வகுத்தார். முதலில் ஆட்டக்காரர்கள் மைதானத்தின் அகலம் முழுவதற்கும் விரிந்து நிற்க வேண்டும். பிறகு பந்தை வைத்திருப்பவர் தள்ளியே நின்று எறிந்துவிடாமல், எதிராளியின் கைக்கு எட்டும் தூரம்வரை நெருங்கிப்போய், அவர் தன்மேல் பாய முடிவெடுத்த கணத்தில் பக்கத்து ஆளுக்குக் கொடுக்க வேண்டும். பந்தைப் பின்னோக்கியே கொடுக்க முடியும் என்பது ரக்பியின் அடிப்படை விதி என்பதால், வாங்குபவர் பின்னாலிருந்து முழு வேகத்தில் வந்து கொண்டிருப்பார். மூன்றாவதாக, ஒருவர் பிடிபட்டாலும் ஆட்டம் அறுந்துவிடாமல் அடுத்தவர் வந்து சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும்.

இரண்டாவது சொல்லைக் கபடி ஆடியவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. பாடிப் போகிறவர் எட்ட நின்று கை வீசினால் யாரும் அசைய மாட்டார்கள். பிடிக்கலாம் என்ற ஆசை எதிராளிக்கு வரும் அளவுக்கு உள்ளே போக வேண்டும். அவர் எடையை ஒரு காலில் மாற்றிய நொடியில் விலக வேண்டும். சென்னையில் எனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தபோது, இதை எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் கற்றுவிட்டேனே என்று வியந்தேன். கணுக்காலைப் பிடித்துச் சாய்ப்பதும் எனக்கு எளிதாக வந்தது. ஆனால் தோளுக்கு மேல் பிடிக்கக் கூடாது என்பதையும், இரு கைகளாலும் அணைத்தே வீழ்த்த வேண்டும் என்பதையும் பழக மாதக்கணக்கில் ஆயிற்று.

வெயிலைப் பற்றி அக்கா குறிப்பிட்டதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வெயிலைவிடத் தரைதான் பெரிய தடை. சித்திரையில் நம் பக்கத்துச் செம்மண் தரையில் ஒருவரை முழு வேகத்தில் வீழ்த்தினால் முழங்கையும் தோளும் தாங்காது. கல்கத்தாவில் இன்றும் மழைக்காலத்தில்தான் ரக்பி ஆடுகிறார்கள். தரை இளகியிருக்கும் என்பதே காரணம். மலையகத்திலும் கண்டியிலும் ஆண்டின் பெரும்பகுதி ஈரப் புல் கிடைக்கும். பள்ளிகள் ஆட்டத்தைக் காத்தன என்றால், மழை அந்தப் பள்ளிகளுக்குத் துணை நின்றது.

இந்தியா எப்போது வந்தது என்றும் கேட்டிருந்தீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். 1998-இல் சிங்கப்பூரில்தான் இந்தியா தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியது. திரைப்பட நடிகர் ராகுல் போஸ் அந்த முதல் அணியில் ஆடியவர். 1999-இல் சர்வதேச ரக்பி வாரியத்தில் உறுப்பினரானோம். டோக்கியோவில் ஆசியப் போட்டி தொடங்கி அதற்குள் 30 ஆண்டு ஓடிவிட்டது. இடையில் 1994-இல் கோலாலம்பூரில் நடந்த ஆசியப் போட்டி உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றாகவும் இருந்தது. அதில் ஹாங்காங் சிங்கப்பூரை 164–13 என்று வென்றது, ஆஷ்லி பில்லிங்டன் ஒருவரே 10 ட்ரைகள் போட்டார். நிறுவன உறுப்பினர்களுக்குள்ளேயே இடைவெளி அவ்வளவு விரிந்துவிட்ட காலத்தில் நாம் புதிதாக உள்ளே நுழைந்தோம் என்பதை, இந்திய அணியின் தோல்விகளைப் பற்றிப் பேசுபவர்கள் நினைவில் வைக்க வேண்டும்.


பதில் 4: தல்லாகுளம்

திருமங்கலம் அம்மாவின் திருத்தத்தை ஏற்கிறேன். "வேரூன்றவே இல்லை" என்று நான் எழுதியது தவறு. கல்லூரிகளில் 31 ஆண்டு பணியாற்றிய நான், கால்பந்தும் ஹாக்கியும் மதுரைக் கல்லூரிகளில் நிலைத்ததற்கும் ரக்பி வராமலேயே போனதற்கும் காரணத்தை மைதானங்களில் தேடினேனே தவிர, அந்தப் பந்தை மாணவர் கையில் கொடுத்தது யார் என்று கேட்டதில்லை. விளாங்குடித் தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: கார்த்திகை மழைக்குப் பிறகு தரை இளகியிருக்கும் நாட்களில் மதுரைக்கு வந்தால் எனக்குத் தெரிவியுங்கள். நான் பயிற்சி கொடுத்த கபடிப் பிள்ளைகள் சிலர் இன்னும் என்னைப் பார்க்க வருகிறார்கள். பிடித்து வீழ்த்துவதை விட்டுவிட்டு, தொட்டால் போதும் என்ற முறையில் பந்து கொடுத்து வாங்குவதை மட்டுமாவது அவர்களுக்குக் காட்டலாம்.


மேலூர்க்காரன்

அனைவருக்கும் என் நன்றி. நேற்று மாலை எல்லாப் பதில்களையும் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். 1974-இல் ட்ரைக்கு 4 புள்ளிதான் என்று வாசித்தபோது அவர் ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ரதல்லை என்ற பெயரைக் கேட்டதும் திருமங்கலம் அம்மாவின் அப்பா எந்தத் தோட்டம் என்று விசாரிக்கச் சொன்னார். அம்மா விரும்பினால் தனிச் செய்தியில் தெரிவிக்கலாம்.

எட்டு ஊர்களின் வரிசையை அவர் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கொழும்புக்கு அடுத்தது சியோல் என்றதும், தாம் ஊர் திரும்பிய பிறகு நடந்தது என்பதால் அது தமக்குத் தெரியாது, அங்கே யார் வென்றார்கள் என்று கேட்டார். ஜப்பான்தான் வென்றது, கொரியா இரண்டாமிடம் என்றேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, "அவனுக்கும் சொந்த ஊர்லதானா? அப்ப நாங்க மட்டும் இல்ல" என்றார்.